பழைய காரின் க்ரூஸ் கண்ட்ரோல்: துளைக்குழாயைக் கடைசியில் தொடுங்கள்

தோட்டத்து பங்களா ஷெட்டில் வருஷக்கணக்கில் நின்றுபோன பழைய அமெரிக்க காரை எழுப்பி ஓட்ட நினைப்பவர்கள் எஞ்சினையும் பிரேக்கையும் பார்த்துவிட்டு க்ரூஸ் கண்ட்ரோலை (காலை எடுத்தாலும் வைத்த வேகத்திலேயே காரை ஓடவைக்கும் அமைப்பு) மட்டும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் ஏதோ உள்ளே இருக்கிறது என்ற பயம். அப்படி எதுவும் இல்லை. இரண்டு ஸ்பேனர், ஒரு பிளையர், ஒரு டெஸ்ட் விளக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய ஊசிக்குழாய், இரண்டு மீட்டர் வேக்கும் (வெற்றிட உறிஞ்சல்) ஹோஸ் போதும்.

இதைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதில் பார்வை இழந்தவர். காப்புரிமை 1950-இல் கிடைத்தது. 1958-இல் கிரைஸ்லர் நிறுவனம் இம்பீரியல் போன்ற கார்களில் இதைப் பொருத்தி விற்றது. அந்த முதல் வகையில் த்ராட்டலை (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் மூடி) இழுத்தது ஒரு சின்ன மின்மோட்டார். பின்னால் வந்தது வேக்கும் வகை. 1960-களிலிருந்து 80-கள் வரை ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இருந்த வேக்கும் வகையைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

எப்படி வேலை செய்கிறது

கியர்பாக்ஸிலிருந்து வரும் ஸ்பீடோமீட்டர் கேபள் நேராக மீட்டருக்குப் போகாது. நடுவில் ட்ரான்ஸ்டியூசர் என்ற பெட்டிக்குள் நுழைந்து, மறுபக்கம் இன்னொரு கேபளாக வெளியேறும். பெட்டிக்குள் கேபளோடு சுழலும் எடைகள் இருக்கின்றன. வேகம் கூடினால் அவை விரியும், குறைந்தால் சுருங்கும். பொத்தானை அழுத்திவிட்டதும் ஒரு மின்காந்தம், அந்த நொடியில் எடைகள் இருக்கும் நிலையோடு ஒரு சின்னக் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஏறக்குறைய 48 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே பிடிக்காது. அதற்கென்று உள்ளே தனி சுவிட்ச் உண்டு.

அந்தக் கை காற்றுத் துளையுள்ள குழாய் ஒன்றின் மேல் நகர்கிறது. இதுதான் துளைக்குழாய். கார் மெதுவானால் துளை மூடும், வெளிக்காற்று குறையும், வேக்கும் கூடும், சர்வோ என்ற இழுப்புப் பெட்டியின் ரப்பர் சவ்வு உள்ளே இழுபட்டுச் சங்கிலி வழியாக த்ராட்டலைத் திறக்கும். வேகம் கூடினால் எல்லாம் தலைகீழ்.

ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். வேகம் கொஞ்சம் குறைந்தால்தான் துளை மூடும், துளை மூடினால்தான் சர்வோ கூடுதலாக இழுக்கும். ஆகவே மேட்டில் வேகம் சற்று இறங்குவது கோளாறு இல்லை, இந்த அமைப்பின் இயல்பு. போதாக்குறைக்கு, மேட்டில் த்ராட்டல் அதிகம் திறக்கும்போது எஞ்சினின் வேக்குமும் குறைகிறது.

முதலில் ஹோஸ்

எஞ்சினை நிறுத்தி ஆறவிடுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். எஞ்சின் காற்றை இழுக்கும் இன்டேக்கிலிருந்து ட்ரான்ஸ்டியூசர், சர்வோ, பிரேக் பெடல் வரை போகும் ஒவ்வொரு ஹோஸையும் விரலால் வளைத்துப் பாருங்கள். நம் வெயிலில் ரப்பர் முனைதான் முதலில் இறுகி வெடிக்கும். வெடிப்பு முனையில் மட்டும் இருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். செம்பனைத் தோட்டத்துப் பக்கம் நின்ற கார் என்றால் எலி கடித்த இடத்தையும் தேட வேண்டும். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில்தான் இருக்கும்.

சர்வோவைச் சோதிக்கக் கருவி வேண்டாம். ஹோஸைக் கழற்றுங்கள், சவ்வைக் கையால் முழுதும் உள்ளே தள்ளுங்கள், ஹோஸ் மாட்டும் வாயை விரலால் அடைத்துவிட்டுச் சவ்வை விடுங்கள். அப்படியே நின்றால் நல்லது. மெல்ல வெளியே ஊர்ந்து வந்தால் சவ்வு ஓட்டை. பசை போட்டு ஒட்டாதீர்கள், ஒரு வாரம்கூடத் தாங்காது. வேறு சர்வோ வாங்குங்கள்.

பிரேக் பெடல்: இங்கே அவசரம் கூடாது

பெடலருகே இரண்டு காவல்கள் உள்ளன. ஒன்று மின்சுவிட்ச், பெடல் இறங்கியதும் மின்காந்தத்தின் மின்சாரத்தை அறுக்கும். மற்றது காற்று வால்வு, சர்வோவுக்குள் வெளிக்காற்றை விட்டு த்ராட்டலை விடுவிக்கும். ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும் என்பதற்காகவே இரண்டு வைத்தார்கள். அதனால் தனித்தனியாகச் சோதியுங்கள்.

வால்வுக்கு: அதன் ஹோஸ் முனையில் ஊசிக்குழாயை மாட்டித் தண்டை இழுத்துப் பிடியுங்கள். பெடலைத் தொடாதவரை இழுப்பு அப்படியே இருக்க வேண்டும். பெடலைக் கையால் லேசாக அழுத்தியதும் 'உஸ்' என்று காற்று உள்ளே போய் இழுப்பு விட்டுப்போக வேண்டும். பெடலைத் தொடாமலே காற்று போனால் வால்வு பெடல் கையோடு சரியாக ஒட்டி உட்காரவில்லை. அதைப் பிடிப்பானில் முன்னே தள்ளி உட்காரவையுங்கள்.

சுவிட்சுக்கு: டெஸ்ட் விளக்கையோ மல்டிமீட்டரையோ வைத்துப் பாருங்கள். பெடல் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் இறங்கியதும் தொடர்பு அறுபட வேண்டும். இரண்டும் தேறாமல் காரை வெளியே எடுக்காதீர்கள்.

மணிச்சங்கிலி

சர்வோவுக்கும் த்ராட்டலுக்கும் இடையே இருப்பது வாஷ்பேசின் மூடியில் தொங்குமே, அதே மாதிரி மணிச்சங்கிலி. எஞ்சின் சூடாகி சோக் முழுதும் திறந்தபின் நிறுத்திவிட்டு, த்ராட்டல் முழுக்க மூடியிருக்கும் நிலையில் பாருங்கள். தொய்வு ஒரு மணிக்கும் குறைவாக இருக்கட்டும். அதிகத் தொய்வு இருந்தால் சர்வோ முதலில் தொய்வைத்தான் இழுக்கும், அதற்குள் வேகம் விழுந்துவிடும். ஒரேயடியாக இறுக்கினாலோ த்ராட்டல் முழுதாக மூடாது, ஐட்லிங் ஏறும். மாட்டியபின் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி விடுங்கள். த்ராட்டல் படாரென்று மூட வேண்டும்.

இப்போதுதான் துளைக்குழாய்

இந்த வேலைக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்து பீடோரின் பழைய சாலை வேண்டாம், செம்பனைக் குலை லாரியும் மோட்டார் சைக்கிளும் குறுக்கே வரும். பீடோர் டோல் வழியாக ஹைவேயில் ஏறி, சுங்காய் பக்கம் சமதரையாக இருக்கும் இடத்தில், மழை இல்லாத காலை நேரத்தில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பொத்தானை அழுத்தி விடுங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வேகம் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்.

85-இல் நிற்கிறதா? சுங்காயில் இறங்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, ட்ரான்ஸ்டியூசரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் துளைக்குழாயின் பூட்டு நட்டைத் தளர்த்துங்கள். குழாயை வெளிப்பக்கம் திருகினால் வேகம் கூடும், உள்ளே திருகினால் குறையும். கால் சுற்றுக்கு ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர். ஆக இந்த 5 கிலோமீட்டருக்கு முக்கால் சுற்று வெளியே. நட்டை மிதமாக இறுக்கி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். குழாய் உள்ளே தளர்வாகச் சுழன்றால் திருகுவதில் பயனில்லை, ட்ரான்ஸ்டியூசரையே மாற்ற வேண்டியதுதான்.

தாப்பாவைத் தாண்டி குவா தெம்புரோங் ஏற்றத்தில் வேகம் இறங்குகிறது என்று அங்கே நின்று திருகுவது பலர் செய்யும் தவறு. மேட்டுக்குச் சரிசெய்த குழாய் சமதரையில் நீங்கள் வைத்த வேகத்தைத் தாண்டி ஓடும்.

இன்னும் அடங்காத கோளாறுகள்

பொத்தானைப் பிடித்திருக்கும்வரை வேலை செய்து, விட்டதும் விட்டுப்போனால், மின்காந்தத்தைப் பிடித்துவைக்கும் மின்தடைக் கம்பியில் கோளாறு.

கார் முன்னும் பின்னும் இழுத்து இழுத்து ஓடினால் ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பாருங்கள். முள்ளும் சேர்ந்து ஆடினால் குற்றம் கேபளுடையது. உள்கம்பியை உருவித் துடைத்து, மேஜைமேல் உருட்டிப் பாருங்கள். எங்கேயாவது துள்ளினால் கம்பி மடங்கியிருக்கிறது, மாற்றுங்கள். நன்றாக உருண்டால் கீழ்ப்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் மெல்லியதாக கிரீஸ் தடவி மாட்டுங்கள். மேல்முனையில் தடவினால் அது மெல்ல ஏறி ட்ரான்ஸ்டியூசருக்குள்ளும் மீட்டருக்குள்ளும் போய்விடும்.