பூட்டினேனா என்ற எண்ணம் வரும்போது: ஓசிடிக்கு மீயறிதல் சிகிச்சை

வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, பூட்டைச் சரிபார்ப்பது போன்ற செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய். இதற்கு, பிரிட்டிஷ் உளவியலாளர் ஏட்ரியன் வெல்ஸ் உருவாக்கிய மீயறிதல் சிகிச்சையும், அதாவது எண்ணங்களைப் பற்றிய நம் நம்பிக்கைகளை ஆராயும் சிகிச்சையும், பயன்படுத்தப்படுகிறது. அது கதவு பூட்டியிருக்கிறதா என்று ஆராய்வதில்லை; பூட்டவில்லை என்று தோன்றிவிட்டாலே பூட்டவில்லை என்றாகிவிடுமா என்று கேட்கிறது.

முதலில், அந்த எண்ணத்தைப் பற்றி நீங்கள் என்ன நம்புகிறீர்கள் என்பதை எழுதி, எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எண்ணத்தை விரட்டாமல், அதனுடன் வாதாடாமல், தெருவில் போகும் வண்டியைத் திண்ணையிலிருந்து பார்ப்பதுபோல் அது வந்திருப்பதை மட்டும் கவனியுங்கள். இது எண்ணத்தை அடக்குவதாகாது. பலர் தடுமாறும் இடமும் இதுதான்.

திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கும் உந்துதலைச் சற்று ஒத்திப்போடுங்கள். பார்த்தே தீர வேண்டுமென்றால், 'பூட்டவில்லை' என்ற எண்ணத்தை விடாமல் மனத்தில் நிறுத்திக்கொண்டே இழுங்கள். எண்ணத்தைத் துடைப்பதற்காகச் செய்யும் செயல் அதைத் துடைக்காமலே முடியும்போது, அது வெறும் எண்ணமே என்பது புலப்படத் தொடங்கும். 'மனம் நிறையும்வரை' என்ற அளவுகோலையும் கைவிட்டு, சாவி திரும்பியதைக் கண்ணால் கண்டதே போதும் என்று கொள்ளுங்கள்.

பதற்றத்தைத் தூண்டும் சூழலை எதிர்கொண்டு, திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் சடங்கைத் தவிர்க்கும் பழைய முறைக்கே இன்றும் கூடுதல் ஆய்வுச் சான்று உண்டு என்பதால், எதைத் தேர்வது என்பதை மனநல மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். உட்கொள்ளும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.