ஒரு நிமிடச் சாட்சியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பது எப்படி?

காலையில் கைப்பேசியைத் திறந்தால் ரோஜாப் படத்தின்மேல் எழுதிய வசனங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. அனுப்புகிறவர்களின் மனம் நல்ல மனம்தான். ஆனால் அந்த வசனம் அவர்களை எந்த நாளில், எந்த இக்கட்டில் தாங்கியது என்பது நமக்குத் தெரிவதில்லை. அதைச் சொல்வதுதான் சாட்சி. யூடியூப் சேனல் தொடங்கத் தேவையில்லை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போதும். நீங்களும் அவர்களும் ஒருவர் எண்ணை ஒருவர் சேமித்து வைத்திருந்தால்தான் அது தெரியும் என்பதால், பார்ப்பவர்கள் எல்லாரும் உங்களை அறிந்தவர்கள்.

படி 1: ஒரே ஒரு சம்பவம்

சிறு வயது முதல் இரட்சிக்கப்பட்ட நாள் வரை முழுக்கதையையும் சொல்ல முயலாதீர்கள். ஓர் இரவை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு தொலைபேசி அழைப்பை. நான் எடுத்துக்கொண்டது என் கணவருக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்த இரவு. அவருடைய செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் ஒரு துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, கதவை மூடிக்கொண்டார்கள். விடியும்வரை அந்தப் பையை நான் கீழே வைக்கவில்லை. என் சாட்சி அந்தப் பையிலிருந்துதான் தொடங்குகிறது.

படி 2: எழுதி, உரக்க வாசித்துப் பாருங்கள்

நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொற்கள்தான் வரும். நான் முதலில் எழுதியது இது: “கர்த்தருடைய மகா பெரிதான கிருபையினாலே சத்துருவின் கிரியைகள் அழிக்கப்பட்டு, என் கணவர் ஜீவனோடே எழும்பினார்.” சபையில் இதைச் சொன்னால் எல்லாரும் ஆமென் சொல்வார்கள். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இதில் பாதி புரியாது. ‘சத்துரு’ என்றால் யாரோ செய்வினை வைத்தார்கள் என்றுகூட அவர் நினைக்கலாம். மாற்றி எழுதினேன்: “அன்று ராத்திரி எனக்கு ஜெபிக்கவே வரவில்லை. அவருடைய செருப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடவுள் தூங்குவதில்லை என்ற ஒரு வரி மட்டும் மனதில் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.”

இதில் என் கணவர் பிழைத்ததையே ஆதாரமாகக் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே அறையில் காத்திருந்த வேறொரு குடும்பத்துக்கு அன்று வேறு செய்தி வந்தது. அவர்களும் என் ஸ்டேட்டஸைப் பார்க்கக்கூடும் என்ற நினைவோடு எழுதினேன்.

படி 3: வசனத்தை வேதாகமத்தில் திறந்து பாருங்கள்

படத்தில் வந்ததை நம்பி எடுக்காதீர்கள். தனக்குத்தானே உதவுகிறவனுக்குத்தான் கடவுள் உதவுவார் என்பதை வசனம் என்றே பலர் அனுப்புகிறார்கள். வேதாகமத்தில் அப்படி ஒரு வசனம் இல்லை.

வசனம் சரியாகவே இருந்தாலும் அதற்கு முன்னும் பின்னும் வாசியுங்கள். எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்பதைப் பரீட்சைக்கும் வேலைக்கும் திருமணத்துக்கும் போட்டு அனுப்புகிறோம். அது எருசலேமிலிருந்து எரேமியா, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தைய வசனம், எழுபது வருஷம் கழிந்த பிறகே திரும்பி வருவீர்கள் என்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் அந்த நாளைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்குத்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று சொல்லப்பட்டது. இது தெரிந்தபின் அந்த வசனத்தை எனக்கு இன்னும் அதிகமாகப் பிடித்தது. காத்திருந்து களைத்த ஒருவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்.

நான் பயன்படுத்தியது சங்கீதம் 121:4. கடவுள் தூங்குவதில்லை என்ற அந்த வரி அங்கிருந்து வந்ததுதான். கத்தோலிக்க நண்பர்களுக்கு அனுப்பும்போது திருப்பாடல் 121 என்று எழுதுங்கள். திருவிவிலியத்தில் அதுதான் பெயர்.

படி 4: பதிவு

ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், வெளிச்சம் முகத்தில் விழட்டும். கைப்பேசியைச் செங்குத்தாக, கண் மட்டத்தில் சாய்த்து வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்; இரைச்சலில் பேச்சு கெட்டுவிடும். சத்தத்தை நிறுத்திப் பார்ப்பவர்களுக்காக முக்கியமான ஒரு வரியைத் திரையில் எழுதுங்கள். பின்னணியில் பாட்டு வேண்டாம். பாட்டை எழுதியவர் மறைந்து நூறாண்டு ஆகியிருந்தாலும், அதைப் பாடிப் பதிவு செய்தவர்களுக்குத் தனி உரிமை உண்டு.

படி 5: வெளியிடும் முன்

மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவரின் படம், ஜெபக் குறிப்பாக வந்த அடுத்தவர் துயரம், பிறர் வீட்டுப் பிள்ளைகளின் முகம் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள். மாத்திரையை நிறுத்தலாம் என்று ஒருவரும் எண்ணிக்கொள்ளும்படி எதையும் சொல்லாதீர்கள். அடுத்தவர் வணங்கும் தெய்வத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

படி 6: பதில் வரும்போது

இங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது. 1 பேதுரு 3:15, நம் நம்பிக்கையைக் குறித்து நம்மிடம் விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் “சாந்தத்தோடும் வணக்கத்தோடும்” பதில் சொல்லச் சொல்கிறது. கேட்கிறவர்களுக்கு என்பதை மறக்கவேண்டாம். ஸ்டேட்டஸ் வைத்த அன்று இரவு பத்தரை மணிக்கு எதிர்வீட்டுப் பெண் எழுதினார்: “அக்கா, எனக்கும் ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை. அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?”

சபைக்கு வா என்று எழுத விரல் போனது. நிறுத்திக்கொண்டேன். “அழுதேன் தங்கச்சி. பிறகு அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பச் சொன்னேன். உனக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்டேன். அவர் சொன்னது எங்கள் இருவருக்குள் இருக்கவேண்டியது. கடைசியில், “உனக்காக ஜெபிக்கட்டுமா?” என்று கேட்டேன். சரி என்றார். நீங்களும் கேட்டுவிட்டே ஜெபியுங்கள்.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதற்குள் கண் அடையாளத்தைத் தொட்டு, பார்த்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எத்தனை பேர் என்று எண்ணுவதற்காக அல்ல. காலையில் ஜெபிக்கும்போது ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைக்க அது வேண்டும்.