ட்ரையம்ஃப் டிஆர்3 ஸ்டீயரிங் பாக்ஸ்: ஆட்டத்தை எடுப்பதும் பிரித்துச் சேர்ப்பதும்

என் டிஆர்3 கைக்கு வந்தபோது, ஸ்டீயரிங் வீலை இரண்டு விரல் அகலம் திருப்பிய பிறகுதான் சக்கரம் அசையவே ஆரம்பிக்கும். இந்த வெற்று அசைவைத்தான் ஆட்டம் என்கிறேன். 1955இல் வந்த இந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் ரேக் அண்ட் பினியன் (பல் சக்கரம் பல் வெட்டிய கம்பியைப் பக்கவாட்டில் தள்ளும் அமைப்பு) கிடையாது. அது 1961இல் டிஆர்4 வந்தபோதுதான் சேர்ந்தது. இதில் இருப்பது கேம் அண்ட் பெக். ஸ்டீயரிங் தண்டின் முனையில் புரி வெட்டிய கேம், அந்தப் புரிக்குள் ஓடும் கூம்பு வடிவ பெக். கேம் சுழன்றால் பெக் நகரும். பெக் பொருத்திய ராக்கர் ஷாஃப்ட் திரும்பும். அதன் முனையில் இருக்கும் டிராப் ஆர்ம் சக்கரங்களைத் திருப்பும். வண்டியை ஜாக் போட்டு ஸ்டாண்டில் நிறுத்துவது, பேட்டரியைக் கழற்றுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், நேராக வேலைக்குப் போகலாம்.

முதலில், ஜாக் போடுமுன், ஆட்டம் பாக்ஸில்தானா என்று பாருங்கள். சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். ஒருவர் வீலை இடமும் வலமுமாக லேசாக அசைக்க, நீங்கள் டிராப் ஆர்மைப் பார்க்க வேண்டும். வீல் அசைந்தும் டிராப் ஆர்ம் சும்மா நின்றால் பாக்ஸ்தான். டிராப் ஆர்ம் உடனே அசைந்து சக்கரம் தாமதித்தால் இணைப்புக் கம்பிகளின் பால் ஜாயிண்டையும், மறுபக்கத்தில் டிராப் ஆர்முக்கு ஜோடியாக அசையும் ஐட்லரையும் பாருங்கள். பாக்ஸில் கை வைக்காதீர்கள்.

பாக்ஸ்தான் என்றால், மேல் மூடியில் லாக் நட்டுடன் இருக்கும் ஸ்க்ரூ கண்ணில் படும். அதை உடனே முறுக்கத்தான் கை போகும். நானும் அதைத்தான் செய்தேன். இங்கேதான் ஒரு வாரம் போனது.

விஷயம் இது: கேமின் புரி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. வண்டி நேராகப் போகும்போது பெக் நிற்கும் நடுப்பகுதியில் வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கமாக வெட்டியிருப்பார்கள். இரு ஓரங்களிலும் லூஸாக இருக்கும். ஆகவே நடுவில் வைத்துத்தான் ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். நான் வீலின் கம்பிகள் நேராக இருப்பதைப் பார்த்து அதுதான் நடு என்று நம்பிவிட்டேன். எனக்கு முன்னால் யாரோ வீலைக் கழற்றி ஸ்ப்ளைனில் (தண்டு முனையின் பல் வரிசை) சில பல் தள்ளி மாட்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது. லூஸான இடத்தில் ஆட்டத்தை எடுத்ததால் உண்மையான நடுவில் பாக்ஸ் பிடித்துக்கொண்டது. வளைவில் திரும்பிவிட்டு வீலை விட்டால் அது தானாக நேருக்கு வரவில்லை, கையால் இழுத்துக்கொண்டுவர வேண்டியிருந்தது. சாலையில் இது விளையாட்டில்லை.

சரி, நடுவைக் கண்டுபிடிப்பது எப்படி? டிராப் ஆர்மிலிருந்து இணைப்புக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். வீலை ஒரு கோடிவரை மெதுவாகத் திருப்பி, அங்கிருந்து மறு கோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையில் பாதியளவு திரும்பி வந்தால் அதுதான் நடு. தண்டிலும் உறையிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

இனி பிரிக்கும் வேலை. தண்டு ஒரே துண்டாக இருக்கும் வண்டிகளில் பாக்ஸும் தண்டும் சேர்ந்து முன்பக்கமாகத்தான் வெளியே வரும். பெரிய வேலைதான், ஆனால் சிக்கல் இல்லை. டிராப் ஆர்மை எடுக்கும்போது ராக்கர் ஷாஃப்ட்டின் முனையில் சுத்தியலால் அடிக்கவே கூடாது. அந்த அடி பெக் வழியாகப் போய் கேமில் பள்ளம் போடும். நல்ல கனமான புல்லரை (ஆர்மை இழுத்துக் கழற்றும் கருவி) மாட்டி இறுக்கி, ஆர்மின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் 'டக்'கென்று விடும். மெலிசான மூன்று கால் புல்லர் எனக்குப் பிடிக்காது, அதன் கால் விரிந்துகொண்டே போகும். கீழ் மூடியைத் திறக்குமுன் அடியில் தட்டு வையுங்கள். பேரிங் குண்டுகள் உதிரியாகக் கொட்டும். எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

பெக்கின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் எந்த ஸ்க்ரூவும் அதைச் சரிசெய்யாது, மாற்றத்தான் வேண்டும். கேமின் நடுவில் நகத்துக்குத் தட்டுப்படும் குழி இருந்தாலும் அப்படித்தான். ராக்கர் ஷாஃப்ட் சுழலும் உலோக வளையமான புஷ் புதிதாகப் போட்டால், துளையை அளவுக்குச் செதுக்க ரீமர் பிடிக்க வேண்டியிருக்கும். அதை லேத் பட்டறையில் கொடுத்துவிடுவேன்.

சேர்க்கும்போது வரிசை முக்கியம். முதலில் ராக்கர் ஷாஃப்ட் இல்லாமல் கேமை மட்டும் பேரிங்குடன் வைத்து, கீழ் மூடியை ஷிம் (மெல்லிய இடைத்தகடு) இல்லாமல் குண்டுகள் லேசாகப் பிடிக்கும்வரை சமமாக இறுக்குங்கள். மூடிக்கும் பாக்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் நாலு பக்கமும் அளந்து, அதைவிடத் துளி மெல்லியதாக ஷிம் கட்டு போடுங்கள். தண்டு முன்னும் பின்னும் அசையக் கூடாது, ஆனால் விரலால் சுற்றினால் சொரசொரப்பில்லாமல் சுற்ற வேண்டும். இந்த ஆட்டத்தை விட்டுவிட்டு மேல் ஸ்க்ரூவால் சரிக்கட்டப் பார்ப்பது வீண் வேலை.

அப்புறம் ராக்கர் ஷாஃப்ட், புது சீல், மேல் மூடி. பெயின்ட் கோட்டில் வைத்து, நடுவைத் தாண்டும்போது ஒரு சின்னப் பிடிப்பு கைக்குத் தெரியும்வரை ஸ்க்ரூவை முறுக்குங்கள். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பும். ரிங் ஸ்பேனரை நட்டில் வைத்து, ஸ்க்ரூடிரைவரால் ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு கோடிக்குக் கோடி திருப்பிப் பாருங்கள். எங்கேயாவது பிடித்தால் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்துங்கள். துளி ஆட்டம் இருந்தால் ஓட்டலாம், பிடித்தால் ஓட்டக் கூடாது.

பாக்ஸில் ஊற்றும் கியர் எண்ணெய் இபி90தான்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், எண்ணெய் ஒழுகுகிறதென்று பாக்ஸ் நிறைய கெட்டி கிரீஸ் அடைத்திருக்கிறார். கெட்டி கிரீஸ் ஒருமுறை விலகினால் திரும்பி வந்து மூடாது, பெக் காய்ந்து ஓடும். அவர் வண்டியில் ஒழுகிய இடம் சீல் இல்லை. தண்டுக்குள் ஹார்ன் வயர் போகும் குழாய் கீழ் மூடியைத் தாண்டி வெளியே வரும் நட். அதற்குள் இருக்கும் சின்ன வளையத்தை மாற்றியதும் நின்றுவிட்டதாம். நான் மேலே அதைச் சொல்லவே மறந்துவிட்டேன். பாக்ஸ் வெளியே இருக்கும்போதே அதையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.