கச்சான் காற்றுக்கு முதுகு காட்டாதீர்கள்: பாண்ட் போட்டிக்கு மைதானம் பார்க்கும் முறை

திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலையில் மேலைத்தேய பாண்டுக்குப் பொறுப்பாசிரியையாகப் பதினேழு வருடமாக இருக்கிறேன். இதற்குள் ஆறு தடவை பாடசாலைகளுக்கிடையிலான பாண்ட் போட்டியை நாங்களே பொறுப்பெடுத்து நடத்தினோம். முதல் தடவை விட்ட பிழையிலிருந்தே தொடங்குகிறேன். மைதானம் பார்க்கிற வேலையை நான் படித்தது அங்கேதான்.

ஆடி மாதம், சனிக்கிழமை, பின்னேரம் மூன்றரை மணி. கிடைத்ததில் பெரிய மைதானத்தை எடுத்தோம். வெயில் கண்ணில் அடிக்கக் கூடாது என்று சனத்தை மேற்குப் பக்கம் இருத்தினோம். முதல் குழு அணிவகுத்து வந்து வாசிக்கத் தொடங்கியது. பேஸ் டிரம் கேட்டது. சைட் டிரம் அரைகுறையாகக் கேட்டது. முன்வரிசையில் பிள்ளைகள் மெலோடிக்கா ஊதுகிறார்கள், கன்னம் உப்புவது தெரிகிறது, பாட்டு மட்டும் எங்களிடம் வந்து சேரவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் அப்பப்பா இருந்தார், கடற்றொழில் செய்தவர். "பிள்ளை, கச்சானுக்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்தா என்ன கேக்கும்? சத்தம் முழுக்கக் கடலுக்கெல்லோ போகுது" என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. காற்றோடு போகிற சத்தம் தரையை ஒட்டி இறங்கிப் போகும். காற்றை எதிர்த்து வருகிற சத்தம் மேல்நோக்கி வளைந்து, இருப்பவர்களின் தலைக்கு மேலால் போய்விடும். கச்சான் தென்மேற்கிலிருந்து வீசும். நாங்கள் சனத்தை மேற்கில் வைத்ததால், பிள்ளைகள் ஊதியதெல்லாம் எதிர்ப்பக்கம் அள்ளிக்கொண்டு போனது.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை ஆறுதலாக வாசியுங்கள். பின்னேரப் போட்டி என்றால் வெயிலுக்காகச் சனம் மேற்கில் இருக்க வேண்டும். கச்சான் காலத்தில், அதாவது வைகாசியிலிருந்து ஆவணி கடந்தும், சத்தத்துக்காகச் சனம் கிழக்கில் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கும். இதற்கு எனக்குத் தெரிந்து இரண்டு வழிதான். ஒன்று, கச்சான் காலத்தில் போட்டியைக் காலையில் வையுங்கள். ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடித்துவிடலாம். அப்போது சூரியன் கிழக்கில் நிற்கும், சனத்தைக் கிழக்குப் பக்கம் இருத்தினால் வெயிலும் முதுகுக்கு, காற்றும் சாதகம். மற்றது, மாசி, பங்குனியில் பின்னேரம் வைப்பது. அப்போது காற்று வடகிழக்கிலிருந்து வரும், மேற்கில் இருக்கிறவர்களுக்குச் சத்தம் நேரே வந்து சேரும், மழையும் அநேகமாக விட்டிருக்கும். ஐப்பசி தொடக்கம் தை வரைக்கும் எங்கள் பக்கம் மாரிமழை, வெளி மைதானத்தை யோசிக்கவே வேண்டாம்.

சனத்துக்கு வெயில் கண்ணில் பட்டாலும் பரவாயில்லை, வாசிக்கிற பிள்ளைகளின் கண்ணில் படாமல் பார்ப்போமே என்று சில பேர் கேட்பார்கள். ஒரு குழு மைதானத்தில் நிற்பது பத்து நிமிடம். சனம் இருப்பது மூன்று நான்கு மணித்தியாலம். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருப்பார்கள்? எழுந்து போய்விடுவார்கள். பிள்ளைகளுக்குத் தொப்பி விளிம்பு இருக்கிறது, பத்து நிமிடம் சமாளிப்பார்கள்.

திகதி எழுதும்போது ஊரையும் பார்க்க வேண்டும். மாசி, பங்குனிதான் இல்ல விளையாட்டுப் போட்டிகள் முடிகிற காலம், மைதானங்கள் இலகுவில் கிடைக்காது. சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வருகிற நாட்களில் நகரமே தெருவில் நிற்கும், அன்றைக்கு வேறொன்றும் வைக்காதீர்கள். நோன்பு மாதத்தில் கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகளை வெயிலில் ஊத வைப்பது முறையில்லை. வெள்ளிக்கிழமை வேண்டாம். ஞாயிறு காலை அறநெறி வகுப்பும் தேவாலயமும். மிஞ்சுவது சனிக்கிழமை, அதிலும் டியூஷன் இருக்கிறது. டியூஷன் ஆசிரியர்களிடம் ஒரு மாதத்துக்கு முன்பே போய் நேரில் கேளுங்கள். நான் கேட்டபோது ஒருவரும் மறுக்கவில்லை.

சரி, இனி எவ்வளவு சனம் வரும் என்ற கணக்கு. மைதானம் பார்க்கப் போகும் முன் இதைத் தாளில் போட்டுவிட வேண்டும். எட்டுக் குழு, குழுவுக்கு நாற்பது பிள்ளைகள் என்று வையுங்கள். நகரப் பாடசாலைப் பிள்ளைக்கு வீட்டிலிருந்து இரண்டு பேர் என்று நான் போடுவேன், வெளியிலிருந்து வருகிற பிள்ளைக்கு ஒருவர். ஐந்து குழு நகரம், மூன்று குழு வெளி என்றால் 400 உம் 120 உம், மொத்தம் 520. இதோடு வாசித்து முடித்த, வாசிக்கக் காத்திருக்கிற பிள்ளைகளும் பார்வையாளர்கள்தான். ஒரு குழு வாசிக்கும்போது மற்ற ஏழு குழுவுக்கும் 280 இடம் வேண்டும். ஆக 800. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகளைப் பஸ்ஸுக்குள் இருக்கச் சொல்லிவிட்டு, கைதட்ட ஆள் இல்லை என்று கவலைப்படுகிறார்கள்.

இருக்கையையும் அளந்து பாருங்கள். படிக்கட்டு வரிசையில் ஆளுக்கு 45 சென்ரிமீற்றர் வேண்டும். முப்பது மீற்றர் நீளத்தில் ஆறு படி இருந்தால் ஏறக்குறைய 400 பேர். மிச்சம் 400 பேருக்கு பிளாஸ்டிக் கதிரை வாடகைக்கு எடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எண்ணுங்கள். பாண்ட் ஒரு பக்கம் பார்த்துத்தான் வாசிக்கும், பின்னால் இருக்கிறவனுக்கு முதுகுதான் தெரியும்.

அமெரிக்காவில் டிரம் கோர் இன்டர்நேஷனல் நடத்துகிற போட்டிகளிலும் இதே கதைதான். எங்கள் பிள்ளைகள் அவற்றை யூடியூப்பில் விழுந்து விழுந்து பார்ப்பார்கள். பித்தளைக் குழல்களும் டிரம்களும் கொடிகளும் கால்பந்து மைதானம் நிறைய நகர்ந்து கோலம் போடும். முதல் சாம்பியன்ஷிப் 1972 இல் விஸ்கொன்சின் மாநிலத்து வைட்வோட்டர் என்ற சின்ன ஊரில் நடந்தது. அதன் பிறகு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஊர் ஊராகப் போனது. டென்வர், மடிசன், ஒர்லாண்டோ என்று போய், 1981, 1982 இல் எல்லை தாண்டி மொன்றியலுக்கும் போனது. 2007 இல் கலிபோர்னியாவின் ரோஸ் போல் அரங்கில் நடந்தது. 2009 இலிருந்து இண்டியானாபொலிஸ் நகரத்து லூகாஸ் ஒயில் ஸ்டேடியம்தான் வீடு. அறுபதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கு அது. ஆனால் நிகழ்ச்சி ஒரு பக்கம் பார்த்து நடப்பதால், அங்கேயும் எல்லா இருக்கையும் ஒன்றல்ல. கோலம் வடிவாகத் தெரிவது நடுக்கோட்டுக்கு நேரே உயரத்தில் இருக்கிறவர்களுக்குத்தான்.

ஊர் மாறிக்கொண்டே இருந்தால் புதுச் சனம் கிடைக்கும், உண்மை. ஆனால் ஒரே இடத்தில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் என்று ஆனால், சனம் போன வருடமே அடுத்த வருடத்துக்கு நாள் குறித்துவிடும். அந்த அரங்குக்கு மூடித் திறக்கிற கூரை இருப்பதால் மழைப் பயமும் இல்லை. கூரைக்குக் கீழே சத்தம் மோதித் திரும்பிக் குழம்புகிறது என்ற குறை இரசிகர்களிடம் இருக்கவே இருக்கிறது. எந்த இடத்தை எடுத்தாலும் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும். நான் இங்கே ஒரே மைதானம், ஒரே மாதம் என்ற கட்சி. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கும் முன்னர் பாதைப்படகில் வந்த காலத்தை நினைத்தால், இன்றைக்கு நகருக்குள் வருவது வெளிப் பாடசாலைகளுக்கு எவ்வளவோ இலகு.

கணக்கில் 800 வந்தால், 800 பேர் நிறைக்கிற மைதானத்தை எடுங்கள். எங்கள் நகரத்து மக்ஹெய்சர் அரங்கு மாதிரிப் பெரிய இடம் மாகாண மட்டப் போட்டிக்குச் சரி. எட்டுக் குழுவுக்குப் பாடசாலை மைதானம் போதும். அந்த முதல் வருடம் எழுநூறு பேராவது வந்திருப்பார்கள். ஆனால் எல்லைக் கோடு முழுக்க ஐந்து பேர், பத்துப் பேராகச் சிதறி நின்றார்கள். எங்கள் பாண்ட் மேஜர் பிள்ளை வாசித்து முடித்து, கையில் மேஸ் கோலோடு வியர்த்து ஒழுக வந்து, "ரீச்சர், சனம் வரேல்லையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்குள் கிடக்கிறது. அதற்குப் பிறகு எந்த மைதானமானாலும் இரண்டு ஓரத்தையும் கயிறு கட்டி அடைத்துவிடுவேன். நடுப்பகுதி நிறைந்த பிறகுதான் கயிற்றை அவிழ்ப்போம்.

அடுத்தது நடந்து பார்க்கிற வேலை. போட்டி நடக்கப்போகிற அதே நேரத்தில் போங்கள், காலைப் போட்டிக்குப் பின்னேரம் போய்ப் பார்த்துப் பயனில்லை. ஒரு தடியில் ரிப்பன் கட்டி நட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று நான்கைந்து நாள் பாருங்கள். ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி மெலோடிக்கா ஊதச் சொல்லிவிட்டு, நீங்கள் போய்க் கடைசி வரிசையில், ஓரத்தில் இருங்கள். அங்கே பாட்டின் வரி பிரிந்து கேட்க வேண்டும். பேஸ் டிரம் எங்கேயும் கேட்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பிறகு பாண்ட் நிற்கிற இடத்தில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். எதிரே மாடிக் கட்டடச் சுவர் ஐம்பது மீற்றரில் இருந்தால், தட்டிய சத்தம் மூன்றில் ஒரு செக்கனுக்குள் திரும்பி வரும். நிமிடத்துக்கு 120 அடி நடையில் ஒரு அடிக்கு அரைச் செக்கன்தான். திரும்பி வருகிற டிரம் சத்தம் இரண்டு அடிக்கு நடுவில் விழுந்து, சின்னப் பிள்ளைகளின் காலைக் குழப்பிவிடும். கைதட்டல் தெளிவாகத் திரும்பி வந்தால் பாண்டைச் சற்றுச் சரித்து நிறுத்துங்கள், அல்லது மரங்கள் நிற்கிற பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள்.

தரையையும் பார்க்க வேண்டும். நடுவில் கிரிக்கெட் கொங்கிரீட் பிட்ச் இருக்கிறதா? சப்பாத்துப் போட்ட பிள்ளைகள் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு நடக்கிறவர்கள், அந்த விளிம்பு காலில் தட்டும். சனத்துக்குப் படியோ சரிவோ இல்லாத மட்டத் தரை என்றால், முன்வரிசைப் பிள்ளைகளின் தொப்பி மட்டுமே தெரியும். பெற்றோர் எழுந்து நிற்பார்கள், பின்னால் இருக்கிறவர்களும் எழும்புவார்கள். கோட்டைப் பக்கத்து மைதானம் என்றால் விடியற்காலையில் ஆளை விட்டு மான் புழுக்கை கூட்ட வேண்டும். ஒரு தடவை ஒத்திகைக்கு நடுவில் இரண்டு புள்ளிமான்கள் வந்து நின்றன. பிள்ளைகள் அடியை நிறுத்தவேயில்லை, மான்களும் ஓடவில்லை.

பெண் பிள்ளைகள் சீருடை மாற்ற அறை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, லொறி நுழைகிற அளவுக்கு வாசல். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்த மைதானத்தை விட்டுவிடுங்கள். தயாராகிற குழுக்களுக்கு நூறு மீற்றருக்கு அப்பால், கட்டடத்துக்குப் பின்னால் இடம் வேண்டும், இல்லாவிட்டால் அவர்களின் டிரம் இவர்களின் பாட்டுக்குள் வந்து விழும். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரத்தையும் கோயில் பூசை நேரத்தையும் நேரசூசியிலேயே இடைவேளையாகப் போட்டுவிடுங்கள்.

வந்த சனத்தைக் கடைசி வரை வைத்திருப்பது வேறொரு பாடு. தங்கள் பிள்ளை வாசித்ததும் வீட்டுக்குப் போகிறவர்கள்தான் பாதிப் பேர். டிரம் கோர் இறுதிப் போட்டியில் முந்தின சுற்றில் புள்ளி குறைந்த குழு முதலில், கூடிய குழு கடைசியில் என்று வரும், ஆகவே ஒருவரும் எழும்பமாட்டார்கள். எங்களுக்கு ஒரே சுற்றுத்தான். அதனால் வெளிப் பாடசாலைகளுக்கு நடு இடம் கொடுங்கள், அவர்கள் பஸ் பிடிக்க வேண்டும். பெரிய சனம் உள்ள நகரக் குழுக்களை ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகப் பிரித்துப் போடுங்கள். நடத்துகிற பாடசாலை கடைசியில் வரட்டும். முடிவு அறிவிக்கும்போது எட்டுக் குழுவும் சேர்ந்து மைதானத்துக்குள் வர வேண்டும். அந்த ஒரு காட்சிக்காகவே அம்மாமார் கச்சான் கொட்டையை உரித்துக்கொண்டு இருப்பார்கள்.

வாசலில் நம்பிக்கையான இரண்டு மாணவத் தலைவிகளை நிறுத்துங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை உள்ளே வந்தவர்கள் எத்தனை, வெளியே போனவர்கள் எத்தனை என்று கோடு போட்டு எழுத வேண்டும். அந்தத் தாளின் பின்பக்கத்தில் அன்றைய காற்று எந்தப் பக்கம், சனம் எந்தப் பக்கம் இருந்தது, கதிரை எத்தனை மிஞ்சியது என்று நீங்கள் எழுதி வையுங்கள். எங்கள் பாண்ட் அறை அலுமாரியில், டிரம் தோல்களுக்கு மேல் தட்டில், ஆறு வருடத்துத் தாள்களும் ஒரு கோப்பில் இருக்கின்றன. அடுத்த மைதானத்தைக் கேட்டுக் கடிதம் எழுதும் முன் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.