வணிகத் தகராறுக்கு வக்கீல் அமர்த்துவது: ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

வரவேண்டிய பணம் மாதக்கணக்கில் நிற்கும்போதும், எதிர்த்தரப்பின் வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்து சேரும்போதும் முதலில் எழும் கேள்வி, “நல்ல வக்கீல் யார்?” என்பதுதான். அதை ஓரிரு நாள் தள்ளிப்போடலாம். உங்கள் விவகாரம் எங்கே போய் நிற்கப் போகிறது என்று தெரியாமல் ஆளைத் தேடினால், சொத்து வழக்கில் பழம் தின்று கொட்டை போட்டவரிடம் மென்பொருள் ஒப்பந்தத் தகராறைக் கொண்டுபோய்க் கொடுப்போம். அவர் திறமைசாலிதான், ஆனால் அவருடைய திறமை வேறு மன்றத்துக்கானது.

எனவே முதல் வேலை ஒப்பந்தத்தை எடுத்து அதன் கடைசி இரண்டு மூன்று பக்கங்களைப் படிப்பது. கையெழுத்துப் போடும் நாளில் யாரும் படிக்காத பகுதி அது. தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம், அல்லது நீதிமன்றமே இல்லாமல் நடுவர் முன் ஆர்பிட்ரேஷனா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். சில ஒப்பந்தங்களில் படிக்கட்டு வைத்திருப்பார்கள்: முதலில் நிர்வாகிகள் பேச வேண்டும், இத்தனை நாளில் முடியாவிட்டால் மத்தியஸ்தம், அதுவும் தோற்றால்தான் ஆர்பிட்ரேஷன். படியைத் தாண்டிக் குதித்தால், வழக்கின் நியாயத்தைப் பேசுவதற்கு முன்பே “முறைப்படி வரவில்லை” என்று எதிர்த்தரப்பு எதிர்ப்புத் தெரிவிக்கும். அதிலேயே பல மாதம் போய்விடும். சில இடங்களில் சட்டமே இந்தப் படியை வைத்திருக்கிறது. இந்தியாவில் அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வணிக வழக்கு என்றால், 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவின்படி மத்தியஸ்தத்துக்குப் போய்விட்டுத்தான் வழக்குத் தொடர முடியும். இது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆர்பிட்ரேஷன் என்று எழுதியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். விசாரணை நடக்கும் ஊர் வேறு, ‘சீட்’ எனப்படும் சட்டபூர்வ இருக்கை வேறு. நடுவரின் தீர்ப்பை ரத்து செய்ய எங்கே கேட்பது, எந்த நாட்டு நீதிமன்றம் கண்காணிக்கும் என்பதெல்லாம் இருக்கையைப் பொறுத்தது. இருக்கை ஒரு நாட்டிலும் உங்கள் அலுவலகம் இன்னொரு நாட்டிலும் இருந்தால், இரண்டு இடத்திலும் ஆள் தேவைப்படலாம்.

கெடு

அடுத்தது காலவரையறை. இதில் தவறினால் எவ்வளவு பெரிய வக்கீலாலும் காப்பாற்றுவது கடினம். ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட இந்தியாவில் பொதுவாக 3 ஆண்டு. இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியாவில் 6 ஆண்டு. இலங்கையில் எழுத்துமூல ஒப்பந்தமென்றால் 6, வாய்மொழியென்றால் 3. கனடாவின் ஒன்டாரியோவில் விஷயம் தெரியவந்த நாளிலிருந்து 2 ஆண்டுதான். ஒரே விலைப்பட்டியல், ஒரே நிலுவை. எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைப் பொறுத்து உரிமை உயிரோடும் இருக்கலாம், செத்தும் இருக்கலாம்.

இங்கே நடக்கும் வழக்கமான பிழை, “பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்” என்று விடுவது. பேச்சுவார்த்தை கெடுவை நிறுத்தாது. வக்கீல் நோட்டீஸும் பொதுவாக நிறுத்தாது. வழக்குத் தாக்கலாக வேண்டும்; ஆர்பிட்ரேஷன் என்றால், பல நாடுகளில் ஆர்பிட்ரேஷன் கோரும் கடிதம் எதிர்த்தரப்பின் கைக்குச் சேர்ந்த நாள்தான் தொடக்க நாள். கெடு முடிவதற்குள் எதிர்த்தரப்பு கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால், இந்தியா, இங்கிலாந்து போன்ற இடங்களில் அந்த நாளிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். பழைய கடிதங்களில் அப்படி ஒன்று கிடைக்கிறதா என்று தேடுவது வீண் வேலையல்ல.

கேஸ் கட்டு

இனி கட்டைத் தயார் செய்யுங்கள். வக்கீலின் மேசையில் ஒரு மூட்டை காகிதத்தைக் கொட்டிவிட்டு “நீங்களே பாருங்கள்” என்றால், அவருடைய ஜூனியர் அதை அடுக்குவதற்கும் நீங்கள்தான் கட்டணம் கட்டுவீர்கள்.

தேவையானது முதலில் ஒரு தேதி வரிசை. தேதி, என்ன நடந்தது, யார் யாரிடம் சொன்னது, அதற்கு ஆதாரமான ஆவணத்தின் எண் என்று நான்கு கட்டம் போதும். இரண்டு மூன்று பக்கத்துக்குள் முடியுங்கள். உங்கள் கோபம், எதிர்த்தரப்பின் குணநலன் ஆகியவற்றுக்கு இதில் கட்டமில்லை. ஆவணங்களைத் தேதி வாரியாக எண்ணிட்டு அடுக்குங்கள்: ஒப்பந்தமும் அதன் திருத்தங்களும், கொள்முதல் ஆணை, விலைப்பட்டியல், பொருள் சேர்ந்ததற்கான ரசீது, வங்கி அறிக்கை, மின்னஞ்சல், வாட்ஸாப் உரையாடல். நிலுவைத் தொகைக்குத் தனியாக ஒரு கணக்குத்தாள் வேண்டும். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்த விதிப்படி என்று பிரித்துக் காட்டுங்கள்.

உங்களுக்குப் பாதகமான ஆவணங்களையும் சேர்த்தே கொடுங்கள். “சரக்கு கொஞ்சம் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்” என்று உங்கள் ஊழியர் அனுப்பிய ஒரு வரி எப்படியும் எதிர்த்தரப்பின் கட்டில் இருக்கும். உங்கள் வக்கீல் அதை முதன்முதலில் குறுக்கு விசாரணையின்போது பார்க்கக் கூடாது.

தகராறு வரும் என்று தெரிந்த நொடியிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். பழைய மின்னஞ்சல்களைத் தானாக நீக்கும் ஏற்பாடு இருந்தால் நிறுத்திவையுங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் மடிக்கணினியைத் துடைத்து அடுத்தவரிடம் கொடுக்காதீர்கள். ஆதாரம் அழிந்தால் அது உங்களுக்கு எதிரானதாகவே இருந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்க இடமுண்டு. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பவும் வேண்டாம். மூல உரையாடல் இருக்கும் போன் பத்திரமாக இருக்கட்டும். இந்தியாவில் மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றம் ஏற்கத் தனிச் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு.

ஆளைத் தேடுதல்

தேட நல்ல வழி, உங்கள் கணக்காயரும், உங்களுக்கு ஒப்பந்தம் எழுதித்தந்த வக்கீலும், இதே தொழிலில் இதே போன்ற தகராறைக் கடந்து வந்தவர்களும். இணையத்தில் “தலைசிறந்த பத்து வழக்கறிஞர்கள்” என்று வரும் பட்டியல்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரர்களைப் பிடிப்பதையே பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன.

மூன்று நான்கு பேர் தேறியதும் சரிபாருங்கள். தொழில் செய்யும் உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்பதைப் பல நாடுகளில் வழக்கறிஞர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டிலேயே பார்க்கலாம். அனுபவத்தை ஆண்டுக்கணக்கால் அளக்காதீர்கள். கடைசி மூன்று ஆண்டில் இந்த வகைத் தகராறு எத்தனை, இந்த மன்றத்தில் எத்தனை, இந்த அளவுத் தொகையில் எத்தனை என்று பாருங்கள். இந்தியாவில் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞரின் பெயரை இட்டே வழக்குகளைத் தேட முடியும். சொல்வதும் பதிவும் ஒத்துப்போகிறதா என்று அரை மணியில் தெரிந்துவிடும்.

முதல் தொடர்பில் ஆவணம் எதையும் அனுப்பாதீர்கள். இரு தரப்பின் பெயர், குழும நிறுவனங்கள், இயக்குநர்கள் பெயர் மட்டும் கொடுத்து, “எதிர்த்தரப்புக்கு நீங்கள் வேலை செய்கிறீர்களா?” என்று கேளுங்கள். அவர்கள் சரிபார்த்து இல்லை என்று எழுத்தில் சொன்ன பிறகே மற்றது. ஆர்வக்கோளாறில் முழுக் கட்டையும் அனுப்பிவிட்டு, அவர் எதிர்த்தரப்பின் பழைய வக்கீல் என்று பிறகு தெரியவருவது புதிதல்ல.

முதல் சந்திப்பு

நீங்கள் பேசுவதைவிட அவர் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தைப் படிக்காமலேயே “கேஸ் நம்ம பக்கம்தான், கவலைப்படாதீங்க” என்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. நன்றாகத் தொழில் தெரிந்தவர் முதல் அரை மணியிலேயே உங்கள் கேஸில் உள்ள ஓட்டையைச் சொல்லிவிடுவார், கேட்கக் கசக்கும்.

நேராகக் கேட்க வேண்டியவை சில. எங்கள் பக்கத்தின் பலவீனம் என்ன? எதிர்த்தரப்பு வக்கீலாக இருந்தால் எங்கே அடிப்பீர்கள்? எதிர்க்கோரிக்கை வர வாய்ப்புண்டா? வழக்கில்லாமல் முடிக்க என்ன வழி, அதற்கு எது சரியான நேரம்? மனு எழுதுவது யார், வாய்தாவுக்குப் போவது யார்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். சீனியரின் பெயரைப் பார்த்துப் பணம் கட்டி, கட்டை ஒரு முறைகூடப் புரட்டாத ஜூனியர் வாய்தா வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கட்சிக்காரர்களின் நிரந்தரப் புகார். ஜூனியர் வருவது தவறல்ல, செலவும் குறையும். எந்தக் கட்டத்தில் யார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: ஜெயித்தால் பணம் எங்கிருந்து வரும்? எதிர்த்தரப்பின் பெயரில் என்ன சொத்து இருக்கிறது, வங்கியிடம் ஏற்கெனவே அடமானமாகிவிட்டதா, எந்த நாட்டில் இருக்கிறது? தீர்ப்பு ஒரு காகிதம். அதை நிறைவேற்றுவது தனி வழக்கு. சொத்து வெளிநாட்டில் இருந்தால் ஆர்பிட்ரேஷன் தீர்ப்பு கை கொடுக்கும்: 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன, நீதிமன்றத் தீர்ப்புக்கு அந்த அளவு பரந்த ஏற்பாடு கிடையாது. சொத்தைக் கைமாற்றிவிடுவார்கள் என்ற சந்தேகம் இருந்தால், தொடக்கத்திலேயே இடைக்காலத் தடை கேட்பது பற்றி வக்கீல் தானாகவே பேச வேண்டும். பேசவில்லையென்றால் நீங்கள் எடுங்கள். இந்தக் கேள்விக்குச் சரியான பதில் இல்லையென்றால், வழக்கே போடாமல் பாதித் தொகைக்கு முடிப்பதுகூட லாபமாக இருக்கலாம்.

கட்டணம்

மணிக்கணக்கு, மொத்தத் தொகை, கட்டத்துக்கு ஒரு தொகை, ஆஜராகும் நாளுக்கு ஒரு தொகை என்று பல வகை உண்டு. வரும் பணத்தில் பங்கு என்ற முறை அமெரிக்காவில் சகஜம். இந்தியாவில் பார் கவுன்சில் விதிகளின்படி கூடாது. மணிக்கணக்கில் பல அலுவலகங்கள் 6 நிமிடத்தை ஓர் அலகாக வைக்கும். இரண்டு நிமிடம் போனில் பேசினாலும் ஓர் அலகு. ஒரு நாளில் ஐந்து முறை “ஒரு சின்ன சந்தேகம்” என்று கூப்பிட்டால் அரை மணிக் கட்டணம். சந்தேகங்களைச் சேர்த்து வைத்து வாரம் ஒரு மின்னஞ்சலாக அனுப்புங்கள்.

மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. நோட்டீஸ், மனுத் தாக்கல், இடைக்கால மனு, சாட்சி விசாரணை, இறுதி வாதம், நிறைவேற்றம் என்று கட்டம் கட்டமாகக் குறைந்தபட்சம், அதிகபட்சம் கேட்டால் சொல்ல முடியும்; சொல்ல வேண்டும். நீதிமன்றக் கட்டணம், நடுவர் கட்டணம், நிபுணர், மொழிபெயர்ப்பு, பயணம் ஆகியவை வக்கீல் கட்டணத்தில் அடங்குமா என்பதையும் பிரித்துக் கேளுங்கள். ஆர்பிட்ரேஷனில் நடுவருக்கும் கட்சிக்காரர்கள்தான் பணம் கட்ட வேண்டும் என்பது பலருக்கு நடுவழியில்தான் தெரிகிறது. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் ஏற்க வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும்: இங்கிலாந்தில் தோற்றவர் கொடுப்பது பொதுவிதி, அமெரிக்காவில் பெரும்பாலும் அவரவர் செலவு அவரவருக்கு.

பேசியதெல்லாம் ஒரு நியமனக் கடிதத்தில் வரட்டும். வேலையின் எல்லை (மேல்முறையீடு இதில் சேருமா?), யார் செய்வார்கள், கட்டணமும் பில் வரும் நாளும், முன்பணத்தில் மீதமானால் திரும்ப வருமா, உங்கள் ஒப்புதல் இல்லாமல் சமரசம் கூடாது, பாதியில் விலகினால் கட்டு எப்போது கைக்கு வரும். உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்திடும் முன் அதையும் படியுங்கள். சமரசம் செய்யவும் பணம் பெறவும் அதிகாரம் தரும் வரிகள் அச்சிட்ட படிவத்திலேயே இருக்கலாம்.

அமர்த்திய பிறகு

உங்கள் பக்கத்தில் ஒருவர் மட்டும் வக்கீலோடு பேசட்டும். மூன்று இயக்குநர்கள் மூன்று விதமாகச் சொன்னால் மனுவும் மூன்று விதமாகத்தான் வரும். வக்கீலின் ஆலோசனையை வெளியாட்களுக்கு அனுப்பாதீர்கள். அது ரகசியம் என்ற சட்டப் பாதுகாப்பு அதனாலேயே போய்விடலாம். நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருக்கும் வக்கீலோடு நடக்கும் கடிதப் போக்குவரத்துக்கு இந்தப் பாதுகாப்பு எல்லா இடத்திலும் கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்ட விசாரணைகளில் கிடையாது என்று அதன் நீதிமன்றம் 2010இல் ஆக்சோ நோபல் வழக்கில் தீர்ப்பளித்தது.

பதில் தாக்கல் செய்யும் கெடுக்களை நீங்களும் குறித்து வையுங்கள். இந்திய வணிக வழக்குகளில் எதிருரை தாக்கல் செய்ய அழைப்பாணை கிடைத்த நாளிலிருந்து 120 நாள்தான் உச்சம். அதன் பிறகு நீதிமன்றம் நினைத்தாலும் நீட்டிக்க முடியாது.

சரிப்பட்டு வராவிட்டால் மாற்றலாம். ஆனால் வாய்தாவுக்கு முந்தின நாள் வேண்டாம். புதியவரை உறுதி செய்துவிட்டு, கணக்கைத் தீர்த்து, கட்டைப் பட்டியலிட்டு வாங்குங்கள். பாக்கிக் கட்டணத்துக்காகக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை இங்கிலாந்து போன்ற இடங்களில் உண்டு. இந்தியாவில் வழக்கறிஞருக்கு அப்படி உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இல் சொன்னது.

சமரசத்தில் முடிந்தால், கைகுலுக்கிய மகிழ்ச்சியில் வக்கீலை அனுப்பிவிடாதீர்கள். தவணைத் தேதிகள், ஒரு தவணை தவறினால் முழுத் தொகையும் உடனே செலுத்தியாக வேண்டும் என்ற விதி, வரி யார் பொறுப்பு, நிலுவையில் உள்ள வழக்குகளை யார் எப்போது வாபஸ் வாங்குவது, எல்லாம் எழுத்தில் வந்து, முடிந்தால் நீதிமன்ற உத்தரவாகவோ நடுவர் தீர்ப்பாகவோ பதிவாக வேண்டும். வெறும் ஒப்பந்தமாக நின்றால், அடுத்த தவணை வராதபோது அதற்கென்று இன்னொரு வழக்குப் போட வேண்டியிருக்கும்.