மைதானத்துக்குக் காசு அனுப்புகிற பழைய மாணவர் விடும் பிழைகள்

மார்ச் நெருங்கினால் யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர் சங்கங்களின் வட்ஸ்அப் குழுக்கள் சூடு பிடித்துவிடும். மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் 1904இல் தொடங்கிய ‘வடக்கின் போர்’ கிரிக்கெட் ஆட்டம் ஒரு பக்கம், பத்திரிசியார் கல்லூரிக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் ‘பொன் அணிகளின் போர்’ இன்னொரு பக்கம். லண்டன், ரொறன்ரோ கிளைகள் காசு சேர்ப்பதும் இந்த உற்சாகத்தில்தான். முதற் பிழையும் இங்கேதான் நடக்கிறது. கூடாரம், பாண்ட், ரீசேட், நினைவு மலர், இராப்போசனம் எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டு, பாடசாலை விளையாட்டுக்குக் கொடுத்ததாகக் கணக்கு எழுதிக்கொள்கிறோம். அது பழைய மாணவர் தங்களுக்குச் செய்த செலவு. செய்யட்டும், நல்ல விசயம்தான். ஆனால் அதற்கு வேறாகச் சேர்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய பிழை, கட்டுவதற்குக் கொடுத்துவிட்டுப் பராமரிக்கக் கொடுக்காமல் விடுவது. பெயர்க்கல் பதிக்கக்கூடிய எதற்கும் காசு வரும். புல் ஆடுகளம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் நிலத்தடி நீரைத்தான் நம்பியிருக்கிறோம். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையோடு சரி, அதன் பிறகு தண்ணீர் கிணற்றிலிருந்துதான் இறைக்க வேண்டும். மோட்டருக்கு மின்கட்டணம், உருளை இழுக்க ஆள், புல் வெட்ட ஆள் என்று மாதாமாதம் செலவு. இதற்கு யார் பொறுப்பு என்று திறப்பு விழாவுக்கு முன்னரே எழுதி வைக்காவிட்டால், சில வருடத்தில் அந்த இடத்தில் மாடு மேயும். பயிற்றுநரின் சம்பளமும் இப்படித்தான். ஒரு வருடம் கொடுத்து நிறுத்துவதைவிடச் சிறிய தொகையை மூன்று வருடத்துக்கு உறுதியாகக் கொடுங்கள்.

பெயர்க்கல் வைக்க முடியாத செலவுகள்தான் பிள்ளைகளை வெல்ல வைக்கின்றன. கொழும்பில் அகில இலங்கைப் போட்டி என்றால், இரவு பஸ்ஸில் 400 கிலோமீற்றர் குந்தியிருந்து போய், காலையில் 400 மீற்றர் ஓட வேண்டியிருக்கும். ஒரு நாள் முந்திப் போய்த் தங்க இடமும் நல்ல சாப்பாடும் கிடைத்தால் நேரம் குறையும். வருடம் முழுக்கப் பயிற்சி முடிய முட்டையும் பாலும் கொடுக்கவும் ஆள் வேண்டும்.

கேட்காமல் பொருள் அனுப்புவது இன்னொன்று. கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த அனித்தா ஜெகதீஸ்வரன் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பிள்ளை. அதைப் பார்த்து உற்சாகப்பட்ட ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒரு கோல் வாங்கி அனுப்புகிறார் என்று வைப்போம். கோல் என்றால் எல்லாம் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் இத்தனை நீளம், இத்தனை கிலோ உடல் எடைக்கு என்று அளவிட்டுச் செய்யப்படுவது. தன் எடைக்குக் குறைந்த கோலை ஒரு பிள்ளை வளைத்தால் அது முறியலாம், பெரிய ஆபத்து. மிகவும் கூடின எடைக்கான கோல் வளையவே வளையாது. எறிதலும் அப்படித்தான். ஆண்களின் குண்டு 7.26 கிலோ, சர்வதேச விதிப்படி 20 வயதுக்குக் கீழ் 6 கிலோ, 18க்குக் கீழ் 5 கிலோ. ஆகவே பொறுப்பாசிரியரிடம் வயதுப் பிரிவும் அளவும் எழுத்தில் வாங்கிய பிறகு கடைக்குப் போங்கள்.

கிரிக்கெட்டுக்கு மட்டும் கொடுப்பதைப் பற்றிச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதல் தங்கம் வாங்கித் தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் மத்திய கல்லூரியின் உயரம் பாய்தல் வீரர், கிரிக்கெட் வீரர் அல்ல. வலைப்பந்துக்கும் கரப்பந்துக்கும் பெண்கள் உதைபந்தாட்டத்துக்கும் கிளைகளின் பட்டியலில் எத்தனை வரி இருக்கிறதென்று ஒருமுறை பாருங்கள்.

காசு போகும் வழி பற்றியும் சொல்ல வேண்டும். ஆசிரியரின் அல்லது பயிற்றுநரின் தனிக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். கணக்குக் கேள்வி வரும் நாளில் நல்ல மனிதர் ஒருவர்தான் மாட்டுவார். அதிபருக்குத் தெரிவித்து, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகவோ பழைய மாணவர் சங்கக் கணக்கின் ஊடாகவோ, பற்றுச்சீட்டோடு போகட்டும். பொருளென்றால் பாடசாலைப் பொருட்பதிவேட்டில் ஏற வேண்டும். பிரித்தானியாவில் வரி கட்டுகிறவர் பதிவுசெய்த அறக்கட்டளை ஊடாகக் கொடுத்தால் ‘கிஃப்ட் எய்ட்’ என்ற வரித் திட்டம் மூலம் ஒரு பவுணுக்கு 25 பென்ஸ் மேலதிகமாகச் சேரும். பதிவில்லாத கிளைகள் இதை இழக்கின்றன.

சப்பாத்துப் பெட்டியைப் பிடித்தபடி பிள்ளையை நிறுத்தி, வீட்டு வறுமையையும் எழுதி முகநூலில் போடுவதை விட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளை அடுத்த நாள் வகுப்பில் இருக்க வேண்டும். சிறிய பாடசாலையில் வளர்ந்த ஓட்டக்காரரைப் புலமைப்பரிசில் காட்டித் தங்கள் கல்லூரிக்கு இழுப்பதும் எனக்குக் கொடையாகத் தெரியவில்லை.

கடைசியாக, காசு கொடுத்தோம் என்பதற்காக அணித் தெரிவில் வாய் வைப்பது. அதற்குப் பொறுப்பாசிரியர் இருக்கிறார், பயிற்றுநர் இருக்கிறார். மருமகனுக்கு அணியில் இடம் வேண்டுமென்றால், மருமகன் வலைப் பயிற்சிக்கு நேரத்துக்குப் போகட்டும்.