கண்காட்சிக்கு முன்பே ஒரு தற்காலிக விண்ணப்பம்

புதிய கருவியை உருவாக்கும் பொறியியல் மாணவர்கள், அதைத் திட்டப்பணிக் கண்காட்சியில் வைப்பதற்கு முன்பே தற்காலிக விவரக்குறிப்புடன் (கண்டுபிடிப்பின் முதற்கட்ட எழுத்து விளக்கம்) காப்புரிமை விண்ணப்பத்தை இணையவழியில் தாக்கல் செய்துவிடுவது நல்லது. தனிநபருக்கு அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய்தான்.

பொதுவெளியில் வெளியான கண்டுபிடிப்பு புதுமையை இழக்கும் என்பதே 1970-ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் அடிப்படை. வெளியான பின்பும் விண்ணப்பிக்க 31-ஆம் பிரிவு தரும் 12 மாதச் சலுகையோ, அரசிதழில் அறிவிக்கப்பட்ட கண்காட்சி போன்ற மிகச் சிலவற்றுக்கே பொருந்தும், கல்லூரி அரங்கு அதில் அடங்காது. தற்காலிக விண்ணப்பத்தில் உரிமைக்கோரல்கள் (எந்தெந்த அம்சங்களுக்குப் பாதுகாப்பு கேட்கிறோம் என்ற வரையறைகள்) தேவையில்லை என்பதால், கருவி இயங்கும் முறையும் படங்களுமே முன்னுரிமைத் தேதியை, அதாவது புதுமையை மதிப்பிட அடிப்படையாகும் நாளை, பெற்றுத் தந்துவிடும். ஆனால் எழுதாமல் விட்டதற்கு அந்தத் தேதி கிடைக்காது: சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை நீக்கும் வால்வு என்றால், அதன் சுருள்வில் அமைந்திருக்கும் விதத்தையும், மாற்று அமைப்புகளையும் சேர்த்தே எழுத வேண்டும். 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்படும்.

வெறும் கணினி நிரலுக்கு இந்த வழி உதவாது. தோற்றம் மட்டுமே புதிது என்றால் வடிவமைப்புப் பதிவே பொருத்தமானது. கல்லூரி நிதியில் செய்த பணியாயின், உரிமை யாருக்கு என்பதைக் கல்லூரியின் விதிகளில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.